இரண்டு வாய், ஒரு ஸ்பெல்லிங்

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட கையில் ஈரம் காய்வதற்குள் மாலதி டி.வி. முன்னால் நாற்காலியைப் போட்டு, "உக்காருங்க. பாப்பா அனுப்பின படத்தப் பாத்துடலாம். மூணு வாட்டி போன் பண்ணிட்ச்சி" என்றாள்.

மாலதி என் மனைவி. பாப்பா என்பது எங்கள் ஒரே மகள் பவித்ரா. சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். 'கட்டாயம் பாருங்கப்பா. பாதியில எழுந்து போகாதீங்க' என்று வாட்ஸ்அப்பில் வேறு எழுதியிருந்தாள். என் மகளுக்கு என்னைத் தெரியும்.

ஸ்பெல்லிங் போட்டிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய ஆவணப்படம் அது. ஏதோ வெளிநாடு. பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கழுத்தில் நம்பர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராக மேடை ஏறுகிறார்கள். நீங்களும் நானும் ஏழு ஜென்மத்துக்கும் பேசப்போகாத வார்த்தைகளை எழுத்து எழுத்தாகச் சொல்கிறார்கள். தப்பாகச் சொன்னால் ஒரு மணி அடிக்கிறது, பிள்ளை இறங்கி வருகிறது. பின்னால் வயலின் அழுகிறது.

எனக்கு அந்த வயலினிலேயே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. பிள்ளை தோற்றால் அதற்கு அழத் தெரியாதா? அதற்கும் ஆள் வைத்து அழ வேண்டுமா?

ஒரு அப்பா, மகன் குளிக்கும்போது குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து வார்த்தை கேட்கிறார். உள்ளேயிருந்து பையன் தண்ணீர்ச் சத்தத்தோடு பதில் சொல்கிறான். ஒரு அம்மா, மகளின் டிபன் டப்பா மூடிக்குள் வார்த்தைகளை எழுதி ஒட்டுகிறாள். பிள்ளை நிம்மதியாகச் சோறு தின்றால் இவர்களுக்கு என்ன குறைந்துபோகிறது?

தோற்று இறங்கி வந்த அடுத்த நொடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளையிடம் மைக்கை நீட்டி, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நான் டி.வி.யைப் பார்த்தே கத்தினேன். "எப்படிய்யா இருக்கும்? உன்னத் தூக்கி அங்க நிக்க வெச்சாத் தெரியும்."

"படத்தப் பாக்க வுடுங்க" என்றாள் மாலதி.

"பெத்தவங்களாய்யா இவங்க?"

மாலதி திரும்பவில்லை. கண் டி.வி.யிலேயே இருந்தது. "நீங்க பண்ணாததயா அவங்க பண்ணிட்டாங்க?" என்றாள்.

என் கடையும் பிறர் பெயர்களும்

இந்தத் தொடரை இன்றுதான் முதன்முதலாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம். நெல்லும் மணிலாவும், அதாவது வேர்க்கடலையும், போட்ட குடும்பம். நான்தான் மண்ணில் கால் வைக்கப் பிடிக்காமல் மலையேறி, ஜமுனாமரத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டவன். ஜெராக்ஸ், லேமினேஷன், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

சாதிச் சான்றிதழ், பட்டா, ரேஷன் கார்டு என்று மலையில் இருக்கிற அத்தனை பேர் வாழ்க்கையும் என் கண்ணாடித் தட்டில் குப்புறப் படுத்து வெளிச்சம் வாங்கியிருக்கிறது. ஸ்பெல்லிங் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இங்கே ஒரு ஆளுக்கு ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறொரு பெயர் இருக்கும். மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிய மூன்று பேரும் அவரவர் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார்கள்.

அதில் சிலதை எழுதியவன் நான்தான். அவசரத்தில் ஒரு எழுத்தை முழுங்கிவிடுவேன். அந்த ஆள் அதைச் சரிபண்ண ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாலு தடவை மலை இறங்கி ஏறுவார். எனக்கு மணி அடித்தவர் யாரும் கிடையாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத்தான் அடிக்கிறார்கள்.

சரி, ஆத்திரத்தில் எங்கேயோ போகிறேன். கதைக்கு வருகிறேன்.

ஏறும் உலக்கை, இறங்கும் உலக்கை

பவித்ரா எட்டாவது படித்தபோது அவளுக்கு ஒரு சிநேகிதி. பெயர் வெண்ணிலா. மலைக்குள் இன்னும் நடந்து போக வேண்டிய ஒரு ஊர்ப் பெண். இங்கே விடுதியில் தங்கி, பவித்ராவின் வகுப்பில் படித்தாள். பள்ளி விட்டதும் இரண்டும் நேராக என் கடைக்கு வந்து, பின்னறையில் பேப்பர் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

அவள் அம்மா காசியம்மா வாரச் சந்தைக்குச் சாமையும் புளியும் கொண்டுவருவாள். மூட்டையை இறக்கியதும் முதல் வேலை, என் கடை வாசலில் நின்று பெண்ணை எட்டிப் பார்ப்பது.

அந்த வருஷம் கீழே, கலசப்பாக்கத்தையும் தாண்டி, ஒரு தனியார் பள்ளிக்கூடம் ஸ்பெல்லிங் போட்டி அறிவித்தது. பெயர் வேண்டாம். பள்ளிக்கு இரண்டு பேர் வரலாம். முதல் பரிசு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அந்தப் பள்ளியில் இலவசப் படிப்பு, விடுதியோடு.

எங்கள் பெண்ணுக்கு அந்த சீட் தேவையே இல்லை. நான் படிக்க வைத்துவிடுவேன். வெண்ணிலாவுக்குத்தான் தேவை. அவள் அப்பா, எட்டாவதோடு போதும், குடும்பத்தோடு சீசனுக்குப் போகும் காப்பித் தோட்ட வேலைக்கு வரட்டும் என்று முடிவு பண்ணியிருந்தார். காசியம்மா சண்டை போட்டுப் போட்டு ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். "ஜெயிச்சா படிக்கட்டும். இல்லன்னா எங்க கூட வரட்டும்." இது அவர் வாயாலேயே என்னிடம் சொன்னது.

இரண்டு பெண்களும் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

மலையில் சாமை குத்துவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒரே உரல், எதிரெதிரே இரண்டு பெண்கள், இரண்டு உலக்கை. ஒருத்தி உலக்கை இறங்கும்போது மற்றவள் உலக்கை மேலே போகும். சளசளவென்று ஊர்க்கதை பேசிக்கொண்டே குத்துவார்கள். ஒரு தடவைகூட உலக்கையும் உலக்கையும் இடித்து நான் பார்த்ததில்லை. ரைஸ் மில் வந்த பிறகும் இது நிற்கவில்லை. மில் பாதி நாள் ரிப்பேரில் கிடக்கும்.

வெண்ணிலா உலக்கை பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படிக் குத்தியவள். ஸ்பெல்லிங்கையும் அப்படியே குத்த ஆரம்பித்துவிட்டாள். இவள் ஒரு எழுத்து, பவித்ரா அடுத்த எழுத்து, மறுபடி இவள். தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடுவதற்குள் பத்து எழுத்து வார்த்தை முடிந்துபோகும். ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு மேல் அந்தத் தாளம் கேட்கும். வந்தவர்கள் கார்டை மறந்துவிட்டு நின்று கேட்பார்கள்.

நான் என்ன செய்தேன்? போனில் வீடியோ எடுத்து எங்கள் குடும்ப குரூப்பில் போட்டேன். வேலூரில் இருக்கும் என் மச்சினன் பிள்ளைகள் பெரிய பள்ளியில் படிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியட்டும் என்று. ஒவ்வொருத்தியும் பாதி வார்த்தையைத்தான் வாயால் சொல்கிறாள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

மலை இறங்கினோம்

போட்டி நடந்த நாள் சந்தை நாள். காசியம்மாவால் வர முடியவில்லை. கூட வர வேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல். என் ஆம்னி வண்டியில் நானே இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன்.

காசியம்மா வண்டி ஜன்னலில் தலையை விட்டு, பெண்ணின் தலையில் எண்ணெயை அழுத்தித் தடவினாள். "கூட்டத்த பாக்காத. அந்தம்மா கேக்கறத மட்டும் கேளு" என்றாள். கேட்கப்போவது அம்மாதான் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. பிறகு என்னிடம், "பாத்து இட்டுகினு போண்ணா. இந்த ஒண்ணுதான் கீது" என்றாள்.

வளைவுக்கு வளைவு வெண்ணிலா வாந்தி எடுத்தாள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே எடுத்தாள். நான் நிறுத்தி நிறுத்தி ஓட்டி, போய்ச் சேரும்போது முதல் சுற்று ஆரம்பமாகப் போகிற நேரம். அது எழுத்துச் சுற்று. இரண்டு பேரும் முழுசாக எழுதிவிட்டார்கள். தலைக்குள் எல்லாம் இருந்தது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வான பதினைந்து பேரில் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருமே இருந்தார்கள். நான் உடனே குரூப்பில் போட்டேன்.

மதியம் மேடைச் சுற்று. உட்கார இடமில்லை. பின் சுவர் ஓரமாக, தண்ணீர் கேன் பக்கத்தில், பெற்றோர் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். பெயர் கூப்பிட்டால் பிள்ளை மேடைக்குப் போக வேண்டும்.

"யார் சொன்னது?"

வெண்ணிலாவைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். நடுவர் ஐயா, நரைத்த தலை, நிதானமான மனிதர். 'கேலண்டர்' என்றார். என் பின்னறையில் நூறு தடவை குத்தப்பட்ட வார்த்தை.

"சி" என்றாள் வெண்ணிலா.

நின்றாள். கண் மூடியிருந்தது. கை தொடையைத் தட்டி, அடுத்த தட்டுக்குக் காத்திருந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

என் பக்கத்திலிருந்து "ஏ" என்று கேட்டது.

பவித்ரா. அவளும் கண்ணை மூடியிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கே தெரியாது. மேடையிலிருந்து "எல்", இங்கிருந்து "ஈ", மேடையிலிருந்து அடுத்தது. யாரும் என்னவென்று யோசிப்பதற்குள் வார்த்தை முடிந்துவிட்டது. கூட்டம் சிரித்தது, யாரோ கைகூடத் தட்டினார்கள்.

நடுவர் மேஜையைத் தட்டினார். அவர் கோபப்படவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

"பின்னாடியிருந்து யாரோ சொன்னீங்க. யார் சொன்னது? கையத் தூக்குங்க" என்றார். "தூக்கினா இந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு எடுத்துகிட்டு வேற வார்த்தை குடுக்கறேன். சொன்னவங்க மட்டும் போட்டியிலிருந்து விலகணும். யாரும் தூக்கலன்னா, இந்தப் பொண்ணுதான் இறங்கணும். வேற வழியில்ல."

பவித்ராவின் வலது கை எழுந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

அவ்வளவுதான் செய்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. குரூப்பில் போட்டது ஞாபகம் வந்தது, மச்சினன் முகம் ஞாபகம் வந்தது. நம்ம பிள்ளை மேடை ஏறாமலே திரும்புவதா என்று தோன்றியது. இதையெல்லாம் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். அன்றைக்கு எதுவும் யோசித்த மாதிரி இல்லை. கை தானாகப் போய்ப் பிடித்தது.

அவர் மூன்று தடவை கேட்டார். பவித்ரா கையை உருவப் பார்த்தாள். நான் விடவில்லை.

மேடையிலிருந்து வெண்ணிலா எங்களையே பார்த்தாள். அவளுக்குத் தெரியாத குரலா அது? விரலை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்று, கேனில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

நாலு பேர் கழித்து பவித்ராவைக் கூப்பிட்டார்கள். போனாள். முதல் எழுத்தைச் சொன்னாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள். நடுவர், "சொல்லும்மா, நேரம் இருக்கு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மேடையில் நின்று என்னையே பார்த்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. மணி அடித்தது.

மறந்துவிட்டாளா, வேண்டுமென்றேதான் நின்றாளா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே என்ற பயம்.

திரும்பும் வழியில் மலையேற ஆரம்பித்ததும் பின்சீட்டில் மெதுவாகத் தொடையைத் தட்டும் சத்தம். இவள் ஒன்று, அவள் ஒன்று. பட்டியலில் இருந்த அத்தனை வார்த்தைகளையும் வரிசையாகக் குத்தித் தள்ளினார்கள். ஒரு தப்பு இல்லை. வாந்தியும் இல்லை. எனக்கு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "வாய மூடிகினு வாங்களேன்" என்று கத்தினேன். மூடிக்கொண்டார்கள்.

யாரோ

காசியம்மா சந்தையை முடித்துவிட்டுக் கடை வாசலிலேயே காத்திருந்தாள். கூடை காலி.

"இன்னாண்ணா ஆச்சி?"

"யாரோ பின்னாடியிருந்து சொல்லிக் குடுத்துட்டாங்கம்மா. அதனால வெளிய அனுப்பிட்டாங்க" என்றேன்.

அந்த 'யாரோ' என்னும் சொல்லை எடுத்துக் கொடுத்தது நான்தான். வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டாள். பவித்ரா கடைக்குள் போய்விட்டாள். வீட்டுக்குப் போனதும், "காசியம்மா அத்தகிட்ட நாளைக்கு உண்மைய சொல்லிடுவீங்க இல்லப்பா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன்.

வெண்ணிலா அந்த வருஷமே காப்பித் தோட்டத்துக்குப் போனாள். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள், கண்ணீர்க் கதை எதுவும் இல்லை. பொங்கலுக்கு வந்தால் பவித்ராவோடு பேசிச் சிரித்துவிட்டுப் போவாள். என்னிடமும் "நல்லாக்கீறீங்களா மாமா?" என்று கேட்பாள். என்னை ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போனால்தான் என்ன?

ஆனால் காசியம்மா விடவில்லை. இத்தனை வருஷமாக, அந்தப் பேச்சு வருகிற சந்தை நாளெல்லாம் என் கடை முக்காலியில் உட்கார்ந்து அந்த 'யாரோ'வைச் சபிக்கிறாள். "பாழாப்போன வாயி. எம் பொண்ணு ஏறி நின்ன அன்னிக்குன்னு பாத்து தொறந்துகிச்சே. அது வெளங்குமா?" என்பாள். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வாள். "நீ இன்னாண்ணா பண்ணுவ? நீ வண்டி வெச்சி இட்டுகினு போன."

அவள் சபிப்பது என் மகளை. நான் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றுவேன்.

படம் முடிந்தது

படத்தின் கடைசியில் ஒரு காட்சி. மேடையில் ஒரு சிறுமி திணறுகிறாள். கீழே அவள் அம்மா தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காமிரா நகரவே இல்லை. நான் எழுந்துவிட்டேன். "உக்காருங்க" என்றாள் மாலதி. உட்கார்ந்தேன்.

பவித்ராவுக்குப் போன் போட்டேன்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன். ஒண்ணும் உருப்படியா இல்ல."

"முழுசா பாத்தீங்களா?"

"முழுசாத்தான்."

"நேத்து வெண்ணிலா பேசுச்சிப்பா" என்றாள். "காசியம்மா அத்தைக்கு இன்னும் தெரியாதாமே. நீங்க அப்பவே சொல்லிட்டீங்கன்னு நான் நெனச்சிகினு இருந்தேன். நீ ஏன் சொல்லலன்னு அவளக் கேட்டேன். அம்மா வாராவாரம் மாமா கடைக்குப் போறாங்க, சொன்னா பேச்சுவார்த்தை இல்லாமப் போய்டும்னு வுட்டுட்டேங்கறா."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான் சொல்லட்டுமாப்பா?"

"வேணாம். கையப் புடிச்சவன் நான். நானே சொல்றேன்."

சந்தை நாள்

அந்த வாரம் காசியம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. மெஷினை நிறுத்தினேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் டீ வாங்கக் கிளம்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

"அன்னிக்கு சொன்னது பவித்ராதான் காசியம்மா. தெரியாம வாய்ல வந்துட்ச்சி. யாருன்னு கேட்டாங்க. அது கையத் தூக்கிச்சி. நான்தான் புடிச்சி இழுத்துட்டேன்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். சபிப்பாள் என்று நின்றேன். கத்தினால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கையத் தூக்கியிருந்தா?" என்றாள்.

"வெண்ணிலாவுக்கு வேற வார்த்த குடுத்திருப்பாங்க."

"அத சொல்லியிருக்குமா அது?"

"தெரியலம்மா. ஒத்தையா சொல்லிப் பழகல. ஒரு வாட்டி தடுமாறினதால உஷாரா சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கும்."

அவள் கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வெளியே சந்தைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"அந்த வேற வார்த்த இன்னாவா இருந்திருக்கும்ண்ணா?"

அந்த நடுவரின் மேஜைமேல் இருந்த தாளில் அது எழுதித்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது என்றேன்.